இன்னாசிமேரி டீச்சரை மன்னிக்க வந்தவர்கள்

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு மன்னிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது இன்னாசிமேரி டீச்சர்தான். பின்னால் அவரே அதை மறுக்கப் பார்த்தார். ஆனால் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் கூட்டக் குறிப்பில் அது அவருடைய முத்து முத்தான கையெழுத்திலேயே இருந்தது. பேரவைச் செயலாளரும் அவர்தான்.

திருமானூர்ப் பக்கத்துச் சிற்றூர் அது. பங்குக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் பெனடிக்டுக்கு முப்பத்திரண்டு வயது. எதையாவது புதிதாகச் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு முகத்திலேயே தெரியும். "கறி சாப்புடாம இருக்குறதத் தவிர இந்த வருசம் வேற என்ன செய்யலாம்?" என்று பேரவையைக் கேட்டார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடைப்பயணம் போகலாம் என்றார் ஒருவர். சிலுவைப்பாதைக்குப் புது மைக்செட் எடுக்கலாம் என்றார் இன்னொருவர். டீச்சர் எழுந்து நின்றார். முப்பத்தைந்து வருடம் பங்குப் பள்ளியில் பாடம் நடத்தி, அதில் கடைசிப் பதினெட்டு வருடம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்தால் மற்றவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"ஒவ்வொருத்தரும் தனக்குத் தீங்கு செஞ்ச ஒருத்தர் வூட்டுக்கு நேர்ல போகணும் ஃபாதர். ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கிட்டுப் போயி, 'உங்கள மன்னிச்சுட்டேன்'னு சொல்லணும். பழசக் கிளறிச் சண்ட போடக் கூடாது. சொல்லிட்டு வந்துரணும்."

ஃபாதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் திட்டத்தை அறிவித்தார். டீச்சரை எழுந்து நிற்கச் சொல்லி, "அன்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னா நம்ம டீச்சரப் பாத்துக்குங்க" என்றார். டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடக்கமாக நின்றார்.

டீச்சருக்கு மன்னிப்பதற்கு ஆள் தயாராக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவரின் அக்கா செபஸ்தியம்மாள், ஏலாக்குறிச்சியில் இருப்பவர். ஐந்து வருடத்துக்கு முன் டீச்சருடைய மகளின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "பொண்ணுக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாது, அவ அம்மா பள்ளிக்கூடமே கதின்னு கெடந்தா, புள்ளைக்கு எங்க சொல்லிக் குடுத்தா?" என்று சொல்லிச் சிரித்தவர். கல்யாணம் நல்லபடியாகத்தான் நடந்தது. மகள் கோயம்புத்தூரில் நன்றாகத்தான் இருக்கிறாள், மாப்பிள்ளையே ரசம் வைத்துவிடுகிறார். ஆனாலும் டீச்சருக்கு மனசு ஆறவில்லை. அதே செபஸ்தியம்மாளின் மகளுக்குத் திருச்சியில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தது யார்? அந்த நன்றிகூட இல்லாமல் போயிற்றே!

என்ன பேசுவது என்பதை டீச்சர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். "அண்ணி, நீங்க சொன்னது என் நெஞ்சுல முள்ளாத் தைச்சிருந்துச்சு. ஆனா அத நான் புடுங்கி எறிஞ்சுட்டேன்." கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை அவருக்கே கண் கலங்கியது.

சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த அவர் கணவர் சவரிமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்க அக்கா பாவம். இவ்வளவயும் தாங்க மாட்டா" என்றார்.

முதல் வாரம், புதன்கிழமை சாயங்காலம், வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறங்கியவர் ஆரோக்கியசெல்வம். பத்து ஏக்கர் கரும்பு, இரண்டு டிராக்டர், நாற்பது வயது. டீச்சரிடம் படித்தவர். கையில் ஒரு சீப்பு பூவன்பழம்.

டீச்சருக்குச் சட்டென்று புரியவில்லை. "என்னப்பா, விசேஷமா?"

ஆரோக்கியசெல்வம் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாம் வகுப்பில் நின்ற அதே மாதிரி. "டீச்சர், உங்கள மன்னிச்சுட்டேன்."

"என்னையா? எதுக்கு?"

"கிளறக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே டீச்சர்."

"பரவால்ல, கிளறு."

"கிறிஸ்துமஸ் நாடகத்துல எனக்கு ராஜா வேசம் குடுத்தீங்க. ஒரு மாசம் வசனம் மனப்பாடம் பண்ணுனேன். எங்க அம்மா சேலையக் கிழிச்சு அங்கி தச்சாங்க. நாடகத்துக்கு மொத நாளு பிரசிடெண்டு மவனுக்கு ராஜா வேசத்தக் குடுத்துட்டு, 'உன் தொண்டைக்குக் கழுதைதான் சரி'ன்னு என்னயக் கழுதையாக்கிட்டீங்க. இன்னிவரைக்கும் திருமானூர்ச் சந்தையில எனக்குப் பேரு கழுத ஆரோக்கியம்தான். பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட அந்தப் பேருதான் மொதல்ல போச்சு."

டீச்சருக்கு எதுவுமே நினைவில்லை. நினைவில்லாத ஒன்றுக்கு என்ன பதில் சொல்வது? "கழுதையும் முக்கியமான வேசம்தானப்பா. மாதா அதுமேலதான வந்தாங்க" என்றார்.

"ஆமாங்க டீச்சர். அதான் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆரோக்கியசெல்வம் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். சவரிமுத்து ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "நல்ல பழம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அனிதா மேரி வந்தாள். பாடற்குழுவில் இருந்தவள். மூன்று வருடத்துக்கு முன் திருவிழாப் பூசையில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் போய் மைக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாராம். அன்றோடு கோயிலில் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுட்டேன் டீச்சர்" என்றாள்.

இது டீச்சருக்கு நினைவிருந்தது. "சுதி சேரலையே அனிதா. நா என்ன செய்யுறது?"

"சேரலதான் டீச்சர். பாட்டு முடியறவரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?"

அடுத்த வாரத்தில் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் ஆளுக்கொரு சீப்போடு வந்தார்கள். ஒருவர் எந்தக் காரணத்தையும் சொல்லாமல், "உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் டீச்சரை அதிகமாக வாட்டியது. இரண்டு நாள் யோசித்தும் என்னவென்று தெரியவில்லை. பக்கத்து வீடுகளுக்குப் பழம் கொடுத்தனுப்பினார். அவர்களோ, "டீச்சர் வூட்டுக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்று விசாரித்து அனுப்பினார்கள்.

பொறுக்க முடியாமல் டீச்சர் ஃபாதரைப் பார்க்கப் போனார்.

"ஃபாதர், இந்தத் திட்டத்த ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. தீங்கு செஞ்சவங்க வூட்டுக்குப் போகணும்னு சொன்னா, எல்லாரும் என் வூட்டுக்கு வர்றாங்க."

ஃபாதர் பெனடிக்ட் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டார். "மத்த வீடுகளுக்கு ஒருத்தர்கூடப் போகல டீச்சர். நம்ம பங்குல தவக்காலம் ஒழுங்கா நடக்குறது உங்க வீட்டுல மட்டும்தான்."

டீச்சர் விறைப்பாக வீடு திரும்பினார். மன்னிப்பது எவ்வளவு சுகமோ அவ்வளவுக்கு மன்னிக்கப்படுவது எரிச்சல் என்பது அவருக்கு அறுபது வயதில் தெரியவந்தது.

மூன்றாம் வாரத்தில் கண்ணகி வந்தாள். கண்ணகி பங்குப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். கோயிலுக்கு வருகிறவள் அல்ல, ஊருக்குக் கிழக்கே மாரியம்மனைக் கும்பிடுகிறவள். டீச்சரோடு ஒரே பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். அவள் கையில் பழம் இல்லை. டீச்சருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"வா கண்ணகி. உக்காரு. என்ன சேதி?"

கண்ணகி உட்காரவில்லை. "உங்க கோயில்ல ஏதோ மன்னிக்கிறது நடக்குதாமே டீச்சர். ஊரே பேசுது. எம் பொண்ணு தேன்மொழிகூடச் சொன்னா, 'அம்மா, நீயும் போயி டீச்சர மன்னிச்சிட்டு வந்துரு, மனசுல வச்சிருக்காத'ன்னு. நாந்தான் முடியாதுன்னுட்டேன்."

"எதுக்கு மன்னிக்கணும்?" என்று கேட்டார் டீச்சர். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிக்க வரல டீச்சர். ஒண்ணு கேக்க வந்தேன். தேன்மொழி அஞ்சாப்புல மொத மார்க்கு. திருச்சி சிஸ்டருங்க விடுதியில நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு எடம் உண்டு, தலைமையாசிரியை கடுதாசி குடுத்தாச் சேத்துக்குவாங்கன்னு நீங்கதான் எல்லாருக்கும் சொன்னீங்க. நா வந்து கேட்டேன். 'இந்த வருசம் நம்ம பள்ளிக்கு எடம் ஒதுக்கல கண்ணகி'ன்னீங்க. பதினாலு வருசம் ஆச்சு. எடம் ஒதுக்கலங்கறது உண்மையா டீச்சர்?"

சவரிமுத்து பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆமாம், உண்மைதான் என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகும். கண்ணகியிடம் எந்தச் சாட்சியும் கிடையாது. டீச்சர் வாயைத் திறந்தார்.

"இல்ல" என்றார். "எடம் இருந்துச்சு. எங்க நாத்தனார் மவளுக்குக் குடுத்துட்டேன். அவ நம்ம பள்ளிக்கூடத்துலகூடப் படிக்கல. நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளன்னு பேரச் சேத்து எழுதிக் குடுத்தேன்."

கண்ணகி தலையை மெல்ல ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை. "தேன்மொழி இப்ப அரியலூர்ல லேப்ல வேல பாக்குறா. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. நல்லாத்தான் இருக்கா. ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க, 'எனக்கு இன்னும் ரெண்டு மார்க்கு கூட வந்திருந்தா எடம் கெடச்சிருக்குமாம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அதான் டீச்சர்."

படி இறங்கினாள். டீச்சர் பின்னாலேயே வாசல்வரை ஓடினார். "கண்ணகி, என்னய மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுப் போ."

"யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணகி போனாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் சவரிமுத்துவும் ஏலாக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் நிறைய மாதா கோயிலுக்குப் போகும் கூட்டம். டீச்சர் கைப்பையில் எழுதி வைத்த தாள் இருந்தது. ஆனால் வழியெல்லாம் அவர் அதை எடுக்கவேயில்லை.

செபஸ்தியம்மாள் சோறாக்கி, மீன் குழம்பு வைத்து, தம்பி வந்த சந்தோஷத்தில் ஊர்க் கதையெல்லாம் பேசினார். சாப்பிட்டு முடித்ததும் டீச்சர் கேட்டார். "அண்ணி, உங்க பொண்ணு அந்தத் திருச்சி விடுதியில எத்தன நாளு இருந்தா?"

"எங்க இருந்தா? மூணு மாசம். அழுதே உசுர விட்டா. போயிக் கூட்டிக்கிட்டு வந்துட்டோம். ஏன் கேக்குற?"

"அந்த எடம் அப்புறம்?"

"வருசம் பூரா சும்மாதான் கெடந்துச்சாம். அந்தச் சிஸ்டரு வருத்தப்பட்டுச்சு." செபஸ்தியம்மாள் வெற்றிலையை மடித்தார். "நா ஒன்னய எடம் வாங்கித் தரச் சொன்னனா மேரி? நீயா வந்து, 'நா சொன்னா நடக்கும் அண்ணி, நா சொன்னா நடக்கும்'னு நின்ன. புள்ளயப் பிரிஞ்சு நா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போவட்டும், அதுக்கு ஒன்னய எப்பவோ மன்னிச்சுட்டேன்."

திரும்பி வரும்போது சவரிமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததைக் கல்யாணமானதிலிருந்து டீச்சர் பார்த்ததில்லை. "சொல்லணும்னு நெனைக்கிறதச் சொல்லிருங்க" என்றார் டீச்சர்.

"மீன் கொழம்பு நல்லா இருந்துச்சு" என்றார் அவர்.

டீச்சர் மூன்று நாள் தூங்கவில்லை. பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்கிற பழக்கம் அவருடையது. குருத்து ஞாயிறு பூசை முடிவில், மன்னிப்புத் திட்டம் பற்றிப் பேச ஃபாதர் அவரை அழைத்தபோது, கையில் குருத்தோலையோடு மைக் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண்ணகி பெயரை, தேன்மொழி பெயரை, பொய்யை, எழுதிக் கொடுத்த கடிதத்தை. சொல்லச் சொல்ல அழுதார். முன்வரிசையில் நாலைந்து பேர் அழுதார்கள். முடித்ததும் கோயில் முழுக்கக் கைத்தட்டியது. ஃபாதர் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, "இந்தத் தாழ்ச்சி நமக்கெல்லாம் வருமா?" என்று கேட்டார். ஆரோக்கியசெல்வம்கூட வந்து, "டீச்சர், இப்பத்தான் முழுசா மன்னிச்சேன்" என்றார். டீச்சருக்கு மனசு பஞ்சாகிப் பறந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ரேசன் கடை வரிசையில் கண்ணகி நின்றுகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"எங் கதையச் சொல்லிக் கைத்தட்டு வாங்குனீங்களாமே டீச்சர்."

டீச்சர் ஓரமாக வரும்படி கையைக் காட்டினார், கண்ணகி நகரவில்லை.

"நா ஒங்க வூட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாம, ஒங்கள மட்டும் கேட்டேன். நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்க. எம் பொண்ணு பேர மைக்குல சொல்லலாமான்னு என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? நேத்துலேருந்து பாக்குறவங்க எல்லாரும், 'என்ன கண்ணகி, டீச்சரம்மா அழுவுறாங்களே, மன்னிச்சுட்டியா?'ன்னுதான் கேக்குறாங்க. ஒங்க ஃபாதரும் வண்டிய நிறுத்திக் கேட்டுட்டுப் போறாரு. நீங்க அழுது நல்லவங்களாயிட்டீங்க. நா மன்னிக்கலன்னா நா கெட்டவ. இது நல்லாருக்கா?"

காலி அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்ணகி திரும்ப வரிசையில் போய் நின்றாள். அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுவிட்டதால் கடைசிக்குப் போக வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து டீச்சருக்கு ஒரு வேலை சேர்ந்தது. பெரிய வேலையும் இல்லை, அதற்குக் கைத்தட்டும் கிடைக்காது. யாராவது, "கண்ணகி மன்னிச்சுட்டாளா டீச்சர்?" என்று கேட்டால், "இல்ல. மன்னிக்க வேண்டியதும் இல்ல. செஞ்சது நான். அவளப் போயி யாரும் கேக்காதீங்க" என்று சொன்னார். பால்காரரிடம் சொன்னார், தெருவார் கூடும் அன்பிய ஜெபக் கூட்டத்தில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார். அனிதா மேரி முகம் சுளித்தாள். டீச்சருக்குக் கர்வம் திரும்பிவிட்டது என்று ஊரில் பேச்சு எழுந்தது. ஈஸ்டராகிய உயிர்ப்பு ஞாயிறு அன்று ஃபாதரே கூப்பிட்டுக் கேட்டார். "திட்டத்தப் பத்தி பிஷப்புக்கு அறிக்கை எழுதணும் டீச்சர். கண்ணகியம்மா மன்னிச்சுட்டாங்கன்னு முடிச்சா நல்லா இருக்கும்."

"மன்னிக்கலன்னு எழுதுங்க ஃபாதர்."

"அப்படி எழுதுனா திட்டம் தோத்துப்போன மாதிரி ஆயிடுமே."

"தோத்துதான் போச்சு" என்றார் டீச்சர். ஃபாதர் அவரை வியப்போடு பார்த்துவிட்டு, அந்தப் பகுதியையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்.

வைகாசி பிறந்து வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கண்ணகி ஆள் அனுப்பி டீச்சரை வீட்டுக்கு வரச் சொன்னாள். டீச்சர் அந்த வீட்டுக்குப் போனதில்லை. இருபது வருடத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது, தெரு முனையில் நின்று எந்த வீடு என்று விசாரித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணகி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். மன்னிப்பைப் பற்றி இருவருமே வாயெடுக்கவில்லை.

"தேன்மொழிக்கு ஆவணியில கல்யாணம் டீச்சர். பத்திரிக்கைக்கு எழுதி வச்சிருக்கோம். அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பிழை பாக்கணும். இந்த ஊர்ல ஒங்களத் தவிர வேற யாரு பாப்பாங்க?"

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. 'திருமணப் பெருவிழா'வில் ஒற்று இல்லை. பேனாவை எடுத்தவர் தயங்கினார். "வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, புதுசா அழகா எழுதிக் கொண்டுவரட்டுமா கண்ணகி?"

கண்ணகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். இங்கயே, என் கண்ணு முன்னாடியே உக்காந்து எழுதுங்க" என்றாள்.

டீச்சர் மடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளை விரித்து, முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார். கண்ணகி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.